வீட்டுக் கணிப்பொறியும் நம்பத்தக்க மென்பொருளும்

கட்டின் மேல் ஒட்டியுள்ள சீட்டை மட்டும் நம்பி எந்த நெசவாளரும் நூல் வாங்குவதில்லை. சிட்டத்தைப் பிரித்து, இழையை விரலால் இழுத்துப் பார்த்து, நம்பர் சரிதானா என்று அறிந்த பின்னரே வாங்குகிறார். விதை வாங்கும் விவசாயியும் மூட்டையில் அச்சிட்ட கதிரின் படத்தைக் கண்டு மயங்குவதில்லை. சான்று அட்டை இருக்கிறதா, காலாவதி நாள் என்ன என்று பார்க்கிறார். இத்துணை எச்சரிக்கையுள்ள நம் அங்கத்தினர்கள், வீட்டுக் கணிப்பொறியில் ஒரு மென்பொருளை நிறுவும்போது மட்டும் கண்ணிற் பட்ட முதல் பொத்தானை அழுத்திவிடுகின்றனர். இவ்வழக்கம் எத்துணை ஆபத்தானது என்பதையும், நல்ல மென்பொருளைத் தேர்வது எவ்வாறு என்பதையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

நாம் கண்ட ஒரு நிகழ்ச்சி

சில மாதங்களுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் ஆய்வுக்குச் சென்றிருந்தோம். அச்சங்கத்தின் காரியதரிசி தம் வீட்டுக் கணிப்பொறியிலேயே சங்கத்தின் மின்னஞ்சலையும் பார்த்து வந்தார். புதிய சேலைக் கரை ஒன்றை விளக்கும் வீடியோ அவருக்கு வந்தது, அது இயங்கவில்லை. அதனை இயக்குவதற்கான கருவியை அவருடைய மகன் இணையத்தில் தேடினான். ஒரு பக்கத்தில் பெரிய பச்சைப் பொத்தான் இருந்தது, அழுத்தினான். வீடியோ இயங்கிற்று, யாவரும் மகிழ்ந்தனர்.

இரு வாரம் கழித்து, சங்கத்தின் துணியை மொத்தமாக வாங்கும் வியாபாரிக்குச் சங்கத்தின் முகவரியிலிருந்தே ஒரு கடிதம் சென்றது. நிலுவைத் தொகையை இனிப் புதிய வங்கிக் கணக்கில் செலுத்துமாறு அதில் எழுதியிருந்தது. காரியதரிசி அதனை எழுதவில்லை. வியாபாரியின் கணக்கர் விழிப்புள்ளவர். புதிய கணக்கு சங்கத்தின் பெயரில் இல்லாமல் ஒரு தனி மனிதரின் பெயரில் இருப்பதைக் கண்டு தொலைபேசியில் விசாரித்தார். தொகை தப்பியது. அது நாற்பது தறிகளின் கூலிப் பணம்.

"ஐயா, வீடியோ பார்ப்பதற்கும் வங்கிக் கணக்கிற்கும் என்ன சம்பந்தம்?" என்று காரியதரிசி நம்மிடம் வினவினார். பச்சைப் பொத்தானின் வழியே உட்புகுந்த மென்பொருள் வீடியோவை இயக்கியதோடு நில்லாமல், உலாவியில் சேமித்து வைத்திருந்த கடவுச்சொற்களையும் எடுத்து வெளியே அனுப்பிவிட்டது. திருடன் வந்த வழி ஒன்று. சாவி தொங்கிய இடம் வேறு. எனவேதான் உலாவியையும் வீடியோ இயக்கும் மென்பொருளையும் சேர்த்தே ஆராய வேண்டியுள்ளது.

இவற்றின் வேலை யாது?

பிரௌசர் எனப்படும் உலாவி, இணையத்திலுள்ள பக்கங்களை நமக்குக் காட்டும் மென்பொருள். முதல் உலாவியை 1990ஆம் ஆண்டில் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ என்பவர் இயற்றினார். பக்கங்களைப் படிக்கவும் எழுதவும் தோன்றிய அக்கருவியே இன்று வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் அரசு அலுவலகங்களின் இணையத்தளங்களுக்கும் தலைவாயிலாக விளங்குகிறது.

வீடியோக் கோப்பு அதிக இடத்தை அடைக்காதிருக்கும் பொருட்டு ஒரு முறைப்படி சுருக்கி வைக்கப்படுகிறது. அதனைச் சுருக்கவும் விரிக்கவும் அறிந்த பகுதிக்குக் கோடெக் என்று பெயர். பழைய இயக்கிகளில் சில கோடெக்குகளே இருந்தன. ஆதலின் மக்கள் அவற்றைத் தனியே தேடித் திரிந்தனர். தீயோர் இதனை நன்கு பயன்படுத்திக் கொண்டனர். 2005ஆம் ஆண்டின் இறுதியில் வெளிப்பட்ட ஸ்லோப் என்னும் தீநிரல், வீடியோ கோடெக் என்ற வேடத்திலேயே கணிப்பொறிகளுட் புகுந்தது. இன்று நல்ல இயக்கிகள் தமக்கு வேண்டிய கோடெக்குகளைத் தம்முள்ளேயே கொண்டுள்ளன. உலாவிகளும் வீடியோவைத் தாமே இயக்குகின்றன. ஆகவே, "இதைக் காணத் தனிக் கருவி வேண்டும்" என்று ஓர் இணையப் பக்கம் கூறுமாயின், அது பெரும்பாலும் வலையே என்று கொள்ளலாம்.

தணிக்கையாளரின் நான்கு வினாக்கள்

ஒரு சங்கத்தின் கணக்கைத் தணிக்கை செய்யும்போது சில வினாக்களை நாம் எப்போதும் கேட்கிறோம். மென்பொருளுக்கும் அவை பொருந்தும்.

1. சரக்கு எங்கிருந்து வந்தது?

மென்பொருளை அதனை ஆக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தோ, கணிப்பொறியின் இயங்குதளத்தோடு வரும் அங்காடியிலிருந்தோ மட்டுமே பெற வேண்டும். தேடுபொறியில் முதலில் வருவது பல சமயம் விலை கொடுத்து இடப்பட்ட விளம்பரமாக இருக்கும். முதலில் வந்ததனாலேயே அது உரியவருடையதாகிவிடாது. வி.எல்.சி. இயக்கியை வெளியிடும் வீடியோலான் அமைப்பின் முகவரி 'வீடியோலான் டாட் ஓ.ஆர்.ஜி.' என்று முடியும். பெயரில் ஓரெழுத்து மாறினாலும் விலகிவிடுக. 2022ஆம் ஆண்டில் சில மாதங்கள் அத்தளம் இந்தியாவில் திறவாதபடி தடுக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது. நேர்வழி அடைபடும் இத்தகைய சமயங்களிலேதான் போலிக் கடைகளுக்கு வியாபாரம் பெருகுகிறது.

விண்டோஸ் கணிப்பொறியில் நிறுவத் தொடங்கும்போது, வெளியீட்டாளர் யார் என்று காட்டி ஒரு சாளரம் தோன்றும். விதை மூட்டையின் சான்று அட்டையைப் போன்றது அது. வெளியீட்டாளர் அறியப்படாதவர் என்று அதிற் கண்டால் அங்கேயே நிறுத்திவிடுக.

நேர்வழியிலும் எப்போதேனும் பிழை நேர்வதுண்டு. வீடியோவை ஒரு வடிவிலிருந்து வேறு வடிவிற்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் என்னும் மென்பொருளின் பதிவிறக்கச் சேவையகம் ஒன்றில் 2017ஆம் ஆண்டு மே மாதம் தீயோர் புகுந்து, மேக் கணிப்பொறிக்குரிய கோப்பை மாற்றி வைத்துவிட்டனர். ஆனால் உரியவர்கள் சில நாட்களுக்குள் அதனைக் கண்டறிந்து, எந்த நாட்களில் இறக்கியவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று வெளிப்படையாக அறிவித்தனர். பெயரும் முகவரியும் உள்ள கடைக்கும் திருவிழாக் கூட்டத்தில் விற்று மறைபவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

2. இன்னும் பழுது பார்க்கப்படுகிறதா?

ஓட்டையில்லாத மென்பொருள் உலகில் இல்லை; ஓட்டையை விரைந்து அடைப்பவரும் அடையாதவரும் உண்டு. ஓர் ஓட்டை அடைக்கப்பட்டது என்ற அறிவிப்பு, அது எங்கே இருந்தது என்பதைத் திருடனுக்கும் தெரிவித்துவிடுகிறது. ஆதலின் பழுது நீக்கிய பதிப்பை ஏற்காமல் காலந்தாழ்த்துபவர், ஓட்டை இருப்பதை ஊரறிந்த பின்னும் அடைக்காத வீட்டுக்காரரை ஒப்பர்.

பழைய பெருமை இங்கு உதவாது. ஒரு காலத்தில் எங்கும் பரவியிருந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் உலாவியின் 11ஆம் பதிப்பிற்கு, விண்டோஸ் 10இல் அளித்து வந்த ஆதரவு 2022ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் முடிவுற்றது. வீடியோக்களுக்கு இன்றியமையாததாக இருந்த ஃபிளாஷ் பிளேயருக்கு 2020ஆம் ஆண்டின் இறுதியோடு ஆதரவு நின்றது. ஆப்பிள் நிறுவனம் விண்டோஸுக்கான குயிக்டைம் இயக்கியை 2016ஆம் ஆண்டில் கைவிட்டபோது, அதனை நீக்கிவிடுமாறு அமெரிக்க அரசின் கணிப்பொறிப் பாதுகாப்புப் பிரிவே எச்சரித்தது. இவை இன்னும் எந்தப் பொறியிலேனும் இருப்பின் உடனே நீக்குதல் வேண்டும்.

3. செலவை ஏற்பவர் யார்?

பெரும்பாலான உலாவிகளும் இயக்கிகளும் விலையின்றிக் கிடைக்கின்றன. விலையில்லை என்பதனால் செலவில்லை என்று ஆகாது. செலவு எவர் பையிலிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். கூகுள் நிறுவனத்தின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரத்தால் வருவது. குரோம் உலாவி அந்நிறுவனத்தினுடையது. ஃபயர்பாக்ஸை ஆக்கும் மொசில்லாவிற்குத் தேடுபொறி நிறுவனங்கள், சிறப்பாகக் கூகுள், அளிக்கும் தொகையே முதன்மையான வருவாய். வீடியோலான் இலாப நோக்கமற்ற அமைப்பு. நன்கொடையாலும் தொண்டர் உழைப்பாலும் நடப்பது. இவ்விவரங்கள் யாவும் வெளிப்படையானவை. அறிந்து தேர்வது நம் கடமை. வருவாய் எங்கிருந்து வருகிறதென்று எங்கும் சொல்லாது, நிறுவும்போதே வேறு இரண்டு மூன்று மென்பொருள்களையும் திணிக்கும் இயக்கியைத் தொடாதிருத்தலே நன்று.

4. கணக்குப் புத்தகம் திறந்திருக்கிறதா?

மென்பொருளின் மூல நிரலை எவரும் படிக்கலாம் என்று திறந்து வைப்பது ஒரு முறை. ஃபயர்பாக்ஸ் அவ்வாறானது. 1996ஆம் ஆண்டில் பாரிசுக்கு அருகிலுள்ள ஒரு பொறியியற் கல்லூரி மாணவர்களின் முயற்சியாகத் தொடங்கிய வி.எல்.சி.யும் 2001ஆம் ஆண்டு முதல் திறந்த நிரலாக உள்ளது. குரோமின் அடிப்படையான குரோமியமும் திறந்ததே. அதன் மேல் கூகுள் சேர்க்கும் சில பகுதிகள் மூடியவை. எட்ஜ், பிரேவ், ஓப்பரா ஆகியனவும் இதே குரோமியத்தின் மேல் எழுந்தவை. ஒரே பாவில் வெவ்வேறு ஊடை போட்ட சேலைகள் எனலாம். ஃபயர்பாக்ஸும் ஆப்பிளின் சஃபாரியும் வேறு பாவில் நெய்தவை.

இங்கு ஓர் எச்சரிக்கை உண்டு. புத்தகம் திறந்திருப்பது வேறு. தணிக்கை நடந்திருப்பது வேறு. பலர் பயன்படுத்தி, பலர் படித்து, தவறுகளைப் பகிரங்கமாகத் திருத்தி வரும் திறந்த மென்பொருளே நம்பிக்கைக்கு உரியது.

கை மாறும் சரக்கு

உலாவியில் தனியே சேர்க்கப்படும் எக்ஸ்டென்ஷன்கள் குறித்து ஒரு வார்த்தை. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்னும் எக்ஸ்டென்ஷன் நற்பெயர் பெற்றது. திறந்த நிரல் கொண்டது. 2020ஆம் ஆண்டில் அதனை ஆக்கியவர் பிறருக்கு விற்றுவிட்டார். தீங்கான நிரல் இருப்பதாகக் கண்டு 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் கூகுள் அதனை நீக்கியது. பெயரும் சின்னமும் அப்படியே இருந்தன. உரியவர் மட்டும் மாறியிருந்தார். ஆகவே எக்ஸ்டென்ஷன்கள் எத்துணைக் குறைவோ அத்துணை நன்று. ஒரு முறை தேர்ந்துவிட்டோம் என்று ஓய்ந்திராமல் ஆண்டுக்கொரு முறையேனும் பட்டியலைப் பார்த்து வேண்டாதவற்றைக் களைய வேண்டும்.

எதைத் தேர்வது?

நான்கு வினாக்களுக்கும் தக்க விடை தருபவற்றுள் ஃபயர்பாக்ஸ், குரோம், எட்ஜ், சஃபாரி ஆகியவற்றில் எதையும் வீட்டிற்குக் கொள்ளலாம். நமது பரிந்துரை இரண்டு உலாவிகளை வைத்துக்கொள்வதாகும். ஒன்றை வங்கிக்கும் சங்கத்தின் அலுவலுக்கும் மட்டும், எக்ஸ்டென்ஷன் எதுவுமின்றி ஒதுக்கிவிடுக. மற்றொன்று பிள்ளைகளின் படிப்பிற்கும் பொழுதுபோக்கிற்கும் ஆகட்டும். வீடியோவிற்கும் பாட்டிற்கும் வி.எல்.சி. ஒன்றே பெரும்பாலோர்க்குப் போதும்.

பழைய கணிப்பொறி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. குரோம் 2023ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் விண்டோஸ் 7க்குப் புதிய பதிப்பு வெளியிடுவதில்லை. விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. அத்தகைய பொறிகளில், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளங்களுள் எளியதொன்றை நிறுவி, அதன் சொந்த அங்காடியிலிருந்தே ஃபயர்பாக்ஸையும் வி.எல்.சி.யையும் பெறலாம்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

உலாவியை அன்றாடம் மூடித் திறத்தல் வேண்டும். இறங்கிய புதிய பதிப்பு பல சமயம் மீண்டும் திறந்த பின்னரே செயலுக்கு வருகிறது. "உங்கள் உலாவி பழையது" என்று ஓர் இணையப் பக்கம் கூறினால் அப்பக்கத்தை அழுத்தாமல், உலாவியின் சொந்தப் பட்டியலில் உள்ள உதவிப் பகுதியில் பதிப்பைச் சரிபார்க்க வேண்டும்.

விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் வால்பெயரை மறைத்துவிடும். அதனைக் காட்டும்படி அமைத்துவிட்டால், 'எம்பி4' என்று வேடமிட்டு 'இ.எக்ஸ்.இ.' என முடியும் கோப்பு உடனே வெளிப்பட்டுவிடும்.

பிள்ளைகளுக்கு நிறுவும் அதிகாரமில்லாத தனிப் பயனர் கணக்கு அமைக்க வேண்டும். சங்கத்தின் கடவுச்சொல்லை வீட்டு உலாவியில் சேமித்தல் கூடாது. மின்னஞ்சலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை அவசியம் இயக்கி வைக்க வேண்டும்.

முடிவுரை

நாம் மேலே கூறிய சங்கத்தில் அப்பொறியைத் துடைத்துப் புதிதாக அமைக்கச் செய்தோம்; கடவுச்சொற்கள் அனைத்தையும் வேறொரு பொறியிலிருந்து மாற்றச் செய்தோம். வங்கிக் கணக்கு மாற்றம் எதுவும் தொலைபேசியில் உறுதி செய்யாமல் ஏற்கப்படலாகாது என்று வாடிக்கையாளர் யாவர்க்கும் கடிதம் எழுதப்பட்டது. காரியதரிசி தம் மகனைக் கடிந்துகொள்ளவில்லை என்று அறிந்து மகிழ்ந்தோம். பொத்தானை அழுத்தியது அவன் பிழையானால், அழுத்துமுன் என்ன கேட்க வேண்டும் என்று எவரும் கற்பியாதது பெரியோர் பிழையன்றோ? அந்த நான்கு வினாக்களை நம் வீடுகளில் இன்றே கற்பிப்போமாக.

அங்கத்தினர் வகுப்பில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. உங்கள் வீட்டுக் கணிப்பொறியில் உள்ள உலாவி எது? அதன் பதிப்பு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது?

2. அதில் உள்ள எக்ஸ்டென்ஷன்கள் யாவை? ஒவ்வொன்றும் எதற்காகச் சேர்க்கப்பட்டது?

3. சங்கத்தின் மின்னஞ்சல் எந்தெந்தப் பொறிகளில் திறக்கப்படுகிறது? அப்பொறிகளை வேறு யார் யார் பயன்படுத்துகின்றனர்?