பளபள லேப்டாப்பும் அரக்குப் புடவையும்

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்து ஆல்பம் வேலை குவிந்து கிடக்கிற நேரத்தில்தான் கல்லூரி அட்மிஷனும் நடக்கும். அந்த ஒரு மாதம் என் டிசைனிங் அறைக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஆல்பம் எப்போது கைக்கு வரும் என்று கேட்கிற பெண்வீட்டார் ஒரு வகை. பையனை விஸ்காமில் சேர்த்துவிட்டு, போட்டோ எடிட்டிங்குக்கு என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம் என்று கேட்கிற அப்பாக்கள் இன்னொரு வகை.

போன ஆனியில் ஒருவர் மகனோடு வந்தார். "மேக்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான் சார். இ.எம்.ஐ. போட்டு எடுத்துடலாமா?"

பையனிடம் கேட்டேன். "எதுக்குத் தம்பி மேக்?"

"சீனியர்ஸ் எல்லாரும் அதான் சார் வெச்சிருக்காங்க."

"ரா ஃபைல் எப்பவாவது எடிட் பண்ணியிருக்கியா?"

"போன்லதான் சார் பண்ணுவேன்."

அவனைக் குறை சொல்லவில்லை. இதற்கு நேர்மாறான அப்பாக்களும் உண்டு. "கேமிங் லேப்டாப்புன்னா எல்லாத்துக்கும் ஆகும்னு கடைக்காரர் சொன்னார்" என்று விசைப்பலகையில் வானவில் எரிகிற பெட்டியை வாங்கி மகள் தலையில் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே தவறுதான். செய்யப்போகிற வேலை என்ன என்று யாரும் முதலில் கேட்பதில்லை.

விண்டோஸ், மேக், லினக்ஸ் என்றால் என்னவென்று இங்கே விளக்கப்போவதில்லை. லினக்ஸை மட்டும் சுருக்கமாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறேன். கிம்ப், டார்க்டேபிள் இரண்டும் இலவசம், நல்ல மென்பொருள்கள். கர்வ்ஸ், லெவல்ஸ், மாஸ்க் எல்லாம் காசு செலவில்லாமல் கற்றுக்கொள்ளலாம். ஆனால் லினக்ஸுக்கு போட்டோஷாப் கிடையாது. நம் ஊரில் ஆல்பம் டெம்ப்ளேட் அத்தனையும் போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. ஃபைலாகத்தான் வருகின்றன. கிம்பில் திறந்தால் சில எஃபெக்ட்டுகள் காணாமல் போயிருக்கும். கற்றுக்கொள்ள லினக்ஸ் போதும், பிழைப்புக்குப் போதாது.

இனி மேக். 'டிசைன் என்றால் மேக்' என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி உருவாக்கிய போட்டோஷாப், 1990 பிப்ரவரியில் மெக்கின்டோஷுக்கு மட்டும்தான் வெளிவந்தது. விண்டோஸ்காரர்கள் 2.5 பதிப்பு வரை காத்திருந்தார்கள். அந்த நாளில் பத்திரிகை, விளம்பரம் என்று வேலை பார்த்தவர்கள் மேக்கில் உட்கார்ந்ததில் நியாயம் இருந்தது. இன்றைக்கு ஒரே போட்டோஷாப், ஒரே லைட்ரூம், ஒரே சந்தா, இரண்டிலும் ஓடுகின்றன. பழைய பேச்சு மட்டும் ஹாஸ்டல் ஹாஸ்டலாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மேக்கின் நல்லதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியைப் பிரித்த நாளிலிருந்தே அதன் திரை நம்பகமானது. 2020 நவம்பரில் வந்த எம்1 சிப்புக்குப் பிறகு வேகமும் பேட்டரியும் அசர வைக்கின்றன. சிக்கல் அதைச் சுற்றி இருக்கிறது.

எம்4 மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் இங்கே 99,900 ரூபாய்க்கு வந்தது. அந்த விலைக்கு 16 ஜி.பி. ராம், 256 ஜி.பி. சேமிப்பு. ஒரு கல்யாணக் கணக்கு போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் 25 முதல் 30 எம்.பி. வரும். நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று சேர்த்து மூவாயிரம் படம் சாதாரணம். 75 முதல் 90 ஜி.பி. ஆயிற்று. இரண்டாவது கல்யாணத்திலேயே டிஸ்க் மூச்சுத் திணறும். ராமைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்றால் முடியாது, அது சிப்போடு ஒன்றாகப் பதித்தது. வாங்கும் நாளிலேயே கூடுதலாக வாங்கினால்தான் உண்டு. அந்தக் கூடுதல் விலையைக் கேட்டால் அப்பாவுக்குத் தலை சுற்றும்.

ராம் எதற்கு இவ்வளவு என்று கேட்பார்கள். பன்னிரண்டுக்கு முப்பத்தாறு அங்குல ஷீட், 300 டி.பி.ஐ. என்றால் 3,600க்கு 10,800 பிக்சல். கிட்டத்தட்ட 3.9 கோடி புள்ளிகள். ஷீட் முழுக்க நிரம்பிய ஒரு லேயருக்கே சுமார் 117 எம்.பி. நினைவகம் வேண்டும். பேக்ரவுண்டு, மாப்பிள்ளை பெண், பூ, நிழல், மறுபடி நிழல் என்று பத்து லேயர் ஏறினால் ஒரு ஜி.பி.யைத் தாண்டிவிடும். பக்கத்தில் லைட்ரூமும் திறந்திருக்கும். கற்றுக்கொள்ள 16 போதும். ஆல்பமே தொழில் என்றால் 32 வேண்டும்.

அடுத்தது, சீனியர்கள் சொல்லாத சில்லறைத் தொல்லைகள். போட்டோகிராபர் கொண்டுவந்து தருகிற ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் என்.டி.எஃப்.எஸ்.ஸில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். மேக் அதைப் படிக்கும், தானாக அதில் எழுதாது. முடித்த வேலையைத் திருப்பிப் போட முடியாமல் பையன் முழிப்பான். ஏரில் மெமரி கார்டு செருக இடம் இல்லை, அதற்கு ஒரு அடாப்டர். ஏரில் விசிறியும் இல்லை. ஆயிரம் படத்தை எக்ஸ்போர்ட் போட்டால் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேக் திரையின் பி3 வண்ணத்தில் சேமித்து அனுப்பினால், வண்ண ப்ரொஃபைலைப் பார்க்காத கலர் லேபில் படம் வெளிறி வரும். நம் லேப்கள் கேட்பது எஸ்.ஆர்.ஜி.பி. ஜேபெக்.

தமிழ் விஷயம் தனி. சிறிய ஊரில் போட்டோ டிசைனர் என்றால் போட்டோ மட்டும் இல்லை. காதுகுத்து பேனர், மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அவர் தலையில்தான் விடியும். பேனர்காரர்கள் கோரல்டிராவில் ஃபைல் அனுப்புவார்கள். அது மேக்கை விட்டுப் பல வருடம் போயிருந்து 2019இல்தான் திரும்பி வந்தது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்ட நம் ஆட்கள் நம்பியிருக்கும் என்.எச்.எம். ரைட்டர் விண்டோஸுக்கு மட்டுமே. மேக்கில் இதற்கெல்லாம் வேறு வழி இல்லாமல் இல்லை. ஆனால் இரவு பதினோரு மணிக்கு, விடிந்தால் ஒட்ட வேண்டிய போஸ்டருக்கு நடுவில் வழி தேடுகிறவன் பாடு பெரும்பாடு.

சென்னையில் விளம்பர ஏஜென்சிக்குப் போகப் போகிறாயா? வெளியூர் ஷூட்டிலேயே உட்கார்ந்து வேலை முடிக்க வேண்டுமா? ஃபைனல் கட்டில் வீடியோ எடிட்டிங்கா? வீட்டில் வசதியும் உண்டா? தாராளமாக மேக் எடு. இ.எம்.ஐ. போட்டு, அப்பாவின் மாதச் சம்பளத்தைக் கடித்து எடுக்காதே.

நான் டெஸ்க்டாப் ஆள், அதை மறைக்கவில்லை. இப்போது வேலை செய்கிற என் கணினி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் பாகமாகப் பொறுக்கி மாட்டியது. இரண்டு முறை ராம் ஏற்றினேன், டிஸ்க் சேர்த்தேன், ஒரு தடவை மதர்போர்டையே மாற்றினேன். கேபினெட் மட்டும் அதேதான். ஒரு யு.பி.எஸ். வைத்துவிட்டால் கரண்டு போகிறதே என்ற கவலை இல்லை. கையில் காசு குறைவு என்றால் அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப்பே நல்ல தொடக்கம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டதால், விண்டோஸ் 11 ஏற்கிற இயந்திரமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். ராமும் எஸ்.எஸ்.டி.யும் கூட்டிக்கொண்டு, மிச்சக் காசை மானிட்டரில் போடுங்கள்.

மானிட்டரைப் பற்றி நான் இவ்வளவு பேசுவதற்கு ஒரு அரக்குப் புடவைதான் காரணம். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு சுமாரான லேப்டாப்பில்தான் ஆல்பம் செய்தேன். அதன் விவரத்தாளில் சின்ன எழுத்தில் '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று இருந்தது. எனக்கு அப்போது அது புரியவில்லை. எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணங்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தைத்தான் இந்தத் திரை காட்டும் என்று அர்த்தம். இன்றும் விலை குறைந்த கேமிங் லேப்டாப் பலவற்றில் இதே திரைதான் இருக்கிறது.

பெண்ணின் காஞ்சிப் பட்டு என் திரையில் சோகையாகத் தெரிந்தது. சிவப்பை ஏற்றினேன். இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். நாற்பது ஷீட் பிரிண்ட் ஆகி வந்தது. அரக்கு தக்காளி நிறமாகி இருந்தது, முகங்களில் காய்ச்சல் கண்டாற்போல் ஒரு சிவப்பு. பெண்ணின் அம்மா ஒன்றும் சண்டை போடவில்லை. மஞ்சள் பையிலிருந்து அந்தப் புடவையை எடுத்து, ஆல்பத்தின் மேல் விரித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நாற்பது ஷீட்டையும் என் கைக்காசில் மறுபடி போட்டேன். அடுத்த மாதமே ஐ.பி.எஸ். மானிட்டர் வாங்கினேன். அளவுத்திருத்தக் கருவியைக் கடன் வாங்கி நிறத்தைச் சரி செய்தேன்.

நல்ல திரை வந்த பிறகும் வேலை வந்துவிடாது. முதல் ஒரு வருடம் என் கண்ணுக்கு மஞ்சள் ஏறியிருப்பதும் பச்சை ஏறியிருப்பதும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரே முகத்தை மூன்று நாள் வைத்துக்கொண்டு பார்த்தால்தான், தோலுக்கு நிறம் ஒன்றில்லை, நெற்றிக்கு ஒன்று கழுத்துக்கு ஒன்று என்று புலப்படும். "கொஞ்சம் வெள்ளையாக்கிடுங்க சார்" என்று கேட்பவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். மாநிறப் பெண்ணை மாநிறமாகவே அழகாகக் காட்டுவதற்குத்தான் இந்தத் தொழிலில் கை வேண்டும். ஸ்லைடரை வலது பக்கம் இழுக்க யாராலும் முடியும். ஆறு மாதம் உட்கார்ந்து மரு, தழும்பு, கலைந்த முடி என்று பொறுமையாகத் துடைக்கப் பிடிக்கவில்லை என்றால், லட்ச ரூபாய்க் கணினி வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. கேமரா பக்கம் போகலாம், வீடியோ பக்கம் போகலாம், குறைச்சல் ஒன்றும் இல்லை.

அந்தப் பையன் இப்போது சனிக்கிழமைதோறும் என் பழைய டெஸ்க்டாப்பில் உட்காருகிறான். இன்னும் எதுவும் வாங்கவில்லை. பொங்கலுக்கு வாங்கலாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். கடைக்குப் போகும்போது, உங்கள் வீட்டுப் புடவை ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தைப் பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். முடிந்தால் அந்தப் புடவையையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.