931 ஜிபி காலி

கேள்வி: கும்பகோணத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க். விண்டோஸ் இருப்பது 500 ஜிபி எஸ்எஸ்டியில். ஆறு வருடக் கல்யாணப் படங்கள் இருப்பது முதலிலிருந்தே உள்ள 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். விண்டோஸ் மந்தமாகிவிட்டதால் நானே புதிதாகப் போட உட்கார்ந்தேன். ‘டிரைவ் 0’தான் எஸ்எஸ்டி என்று நினைத்து, அதிலிருந்த பார்ட்டிஷன்களை எல்லாம் டெலிட் செய்தேன். ‘அன்அலகேட்டட் 931.5 ஜிபி’ என்று வந்தபோதுதான் உறைத்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். இப்போது விண்டோஸும் வரவில்லை. எஸ்எஸ்டியை நான் தொடவே இல்லை! கடையில் ‘எல்லாம் போச்சு’ என்கிறார்கள். படங்கள் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. பதற்றத்தில் பிளக்கைப் பிடுங்கினீர்களே, அதுதான் காப்பாற்றியிருக்கிறது. ‘நெக்ஸ்ட்’ அழுத்தியிருந்தால் புது விண்டோஸ் பல ஜிபி படங்களின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

டெலிட் செய்ததில் அழிந்தது, எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிவைத்திருக்கும் சின்ன அட்டவணை மட்டும்தான். உங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், வரப்பை வெட்டிவிட்டீர்கள், பயிர் அப்படியே நிற்கிறது. படங்கள் மட்டுமல்ல, அவற்றின் பெயரும் ஃபோல்டர் விவரமும்கூட உள்ளே அப்படியே இருக்கும்.

அந்த டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி–சாட்டா அடாப்டர் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டுங்கள். டெஸ்க்டாப்பின் பெரிய 3.5 அங்குல டிஸ்க் என்றால் தனி பவர் உள்ள அடாப்டர் வேண்டும்; யூஎஸ்பி மின்சாரம் அதற்குப் போதாது. ‘ஃபார்மேட் செய்யவா?’, ‘இனிஷியலைஸ் செய்யவா?’ என்று விண்டோஸ் எதைக் கேட்டாலும் கேன்சல். டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ சத்தம் வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். அது மென்பொருளால் தீராத நோய்.

பிறகு டெஸ்ட்டிஸ்க். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இலவச மென்பொருள். கறுப்புத் திரையும் அம்புக்குறி விசைகளுமாகப் பார்க்கப் பயமாக இருக்கும், வேலையில் கெட்டி. 931 ஜிபி காட்டும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ‘அனலைஸ்’, ‘குயிக் சர்ச்’ கொடுங்கள். பழைய பார்ட்டிஷன்கள் வரிசையாக வரும். ஒன்றின் மேல் நின்று ‘பி’ விசையை அழுத்தினால் ஃபோல்டர்கள் தெரியும். மாப்பிள்ளை, பெண் பெயர்களோடு உங்கள் ஃபோல்டர்களைப் பார்த்துவிட்டால் பாதி உயிர் வந்துவிடும். அங்கேயே ‘ரைட்’ கொடுத்து அட்டவணையை மீட்கலாம்தான். நானாக இருந்தால் முதலில் படங்களை இன்னொரு டிஸ்க்குக்குக் காப்பி செய்துவிட்டுத்தான் அதில் கை வைப்பேன். மீட்கும் படங்களை அதே டிஸ்க்கில் சேமிக்கவே கூடாது.

குயிக் சர்ச்சில் வராவிட்டால் ‘டீப்பர் சர்ச்’. அதிலும் வராவிட்டால் கூடவே வரும் ஃபோட்டோரெக். அது ஜேபெக் தொடங்கும் அடையாளத்தை வைத்து டிஸ்க் முழுக்கத் துழாவும். படம் வரும், பெயர் வராது. யார் கல்யாணம் எது என்று உட்கார்ந்து பிரிக்க வேண்டியது உங்கள் பாடு. துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் பெரிய வீடியோக்கள் சேதமாகியும் வரலாம்.

தவறிப்போய் ஒரு எஸ்எஸ்டியை ஃபார்மேட் செய்திருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். விண்டோஸ் 7 முதல் ‘டிரிம்’ என்றொரு ஏற்பாடு உண்டு. ‘இந்த இடம் இனி வேண்டாம்’ என்று விண்டோஸ் சொன்னதும் எஸ்எஸ்டி தானாகவே துடைத்துவிடும்.

சரி, தொடாத எஸ்எஸ்டி ஏன் எழவில்லை? கம்ப்யூட்டரை எழுப்பும் சின்ன ‘இஎஃப்ஐ’ பார்ட்டிஷன் அதில் இல்லை. இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருக்கும்போது விண்டோஸ் போட்டால், பழைய டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐயையே செட்டப் பயன்படுத்திக்கொள்ளும். எஸ்எஸ்டி வாங்கியபோது அப்படித்தான் நடந்திருக்கும். டெஸ்ட்டிஸ்க்கில் அட்டவணையை மீட்டதுமே விண்டோஸ் சில சமயம் எழுந்துவிடும். எழாவிட்டால் கவலை வேண்டாம். படங்களை எடுத்துவிட்டீர்கள், விண்டோஸைப் புதிதாகப் போடத்தானே உட்கார்ந்தீர்கள்? இந்த முறை ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா வயரை உருவிவிட்டுப் போடுங்கள். செட்டப் திரையில் 465 ஜிபி டிஸ்க் ஒன்று மட்டும்தான் தெரியும்.