ஒரு பானைச் சோறும் ஒன்பது கூடைக் கொழுந்தும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம்மவர் நாவிற் பயின்ற பழமொழி. பானை முழுவதையும் உண்டு பாராது, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தே வெந்ததா வேகாததா எனத் துணிவர். புள்ளிவிபரவியலார் மாதிரி எடுத்தல் என்று கூறுவதும் இதுவே. ஆயினும், அப்பழமொழி ஒரே நீரில் ஒரே தீயில் வெந்த அரிசிக்கே பொருந்தும். பருக்கைக்குப் பருக்கை வேறுபடுமாயின் ஒன்று போதாது. அவ்விடத்து என் செய்வது என்பதே ஈண்டு ஆராயப்படுவது. தமிழாசிரியனுக்குக் கணக்கில் என்ன வேலை என வினவும் அன்பர் சற்றே பொறுத்தருள்க.

ஊவா மாகாணத்துப் பதுளை, பசறை, லுணுகலைப் பகுதித் தோட்டங்களிலே, கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தி நாளொன்றுக்கு இத்தனை கிலோ எடுத்தல் வேண்டும் என்றோர் அளவு விதிக்கப்படுவதுண்டு. அதனை எட்டாதவளுக்கு அரைப்பேர் விழும் என்பது தோட்டவழக்கு. அஃதாவது பாதிக் கூலி. 2021ஆம் ஆண்டில் நாட்கூலி 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட பின்னர், பல தோட்டங்களில் வழக்குக் கூலியை விட்டுக் கிலோவின்மேற் சென்றது. "இம்மலையில் ஆளொன்றுக்குச் சராசரி 18 கிலோ வரும்" என ஒருவர் கூறுகின்றார் எனக் கொள்வோம். அதனை ஏற்பதா, மறுப்பதா?

ஒரு நாள் மாலை, மடுவத்திலே ஒன்பதின்மருடைய நிறுவையைக் குறித்துக்கொள்கின்றோம்: 15, 17, 14, 19, 16, 18, 13, 17, 15. இவை பாடத்திற்கென யாம் அமைத்த எண்களேயன்றி எத்தோட்டத்து ஏட்டினின்றும் எடுத்தனவல்ல. கூட்டுத்தொகை 144, சராசரி 16. உடனே, "கூற்றுப் பொய்" என்று எழுந்துவிடலாகாது. அன்று அகப்பட்ட ஒன்பதின்மர் தற்செயலாகக் குறைவாக எடுத்தவராதல் கூடும்.

ஆதலின், முதற்கண் எதிரியின் கூற்றையே மெய்யென உடன்படுதல் வேண்டும். சிவஞான சித்தியாரிற் பரபக்கம் முன்னும் சுபக்கம் பின்னும் நிற்பதை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. உண்மைச் சராசரி 18 என்றே வைத்துக்கொண்டு, அங்ஙனமாயின் 16 என்னும் மாதிரிச் சராசரி தோன்றுதல் எத்துணை அரிது என வினவுகின்றோம்.

ஒவ்வோர் எண்ணும் 16இலிருந்து விலகும் அளவை வருக்கித்துக் கூட்ட 30 வரும். அதனை 9ஆல் அன்றி, ஒன்று குறைத்து 8ஆல் வகுக்க 3.75, அதன் வருக்கமூலம் 1.94. இது நியம விலகல். ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டின் அளவு. ஒன்பதின்மர் சராசரியின் தடுமாற்றமோ இதனினும் சிறிது. 9இன் வருக்கமூலமாகிய 3ஆல் வகுக்க 0.65 என்னும் நியம வழு கிடைக்கும். கூற்றுக்கும் கண்டதற்கும் உள்ள வேற்றுமை 2 கிலோ. அது நியம வழுவைப்போல் 3.10 மடங்கு. இம்மடங்கினை 'ரி' என்னும் எழுத்தாற் குறிப்பர். அட்டவணையில் எட்டாம் வரிசையைப் பார்ப்பின், நூற்றுக்கு ஐந்து என்னும் மட்டத்திற்கு எல்லை 2.31. நமது எண் அதனைக் கடந்தமையின் கூற்று மறுக்கப்படும். நூற்றுக்கு ஒன்று என்னும் கடுமையான மட்டத்திற்கு எல்லை 3.36, அதனைக் கடந்திலது. எம்மட்டத்தைக் கொள்வது என்பதை நிறுவைக்கு முன்னரே தீர்மானித்தல் நேர்மை. விடை கண்டபின் எல்லையைத் தேடுவது வழக்காடுவோன் செயல்.

முதல் மூவரை மட்டும் எடுத்திருப்பின் யாதாகும்? சராசரி 15.3, முன்னையதிலும் குறைவு. 'ரி' 3.02. ஆயினும் மூவருக்குரிய எல்லை 4.30 ஆதலின் மறுக்க இயலாது. மறுக்க இயலாமை, மெய்யென நிறுவியதும் ஆகாது.

சிறிய மாதிரிக்கு எல்லை பெரிதாதல் வேண்டும் என வகுத்தவர், டப்ளின் நகரத்துக் கின்னஸ் மதுவடிசாலையிற் பணிபுரிந்த கொசெற் என்பவர். 1908ஆம் ஆண்டில் 'மாணாக்கன்' எனப் பொருள்படும் புனைபெயரிலே அதனை வெளியிட்டார். பின்னர் இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் ஆராய்ச்சி நிலையத்திலே பிஷர் இதனை விரித்தார். அங்கு அவருடன் பணியாற்றிய ஈடன் என்பார் தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்து, தேயிலை விளைச்சற் பரிசோதனைகளில் நேரும் வழுக்களைப் பற்றி 1931இல் எழுதினார். மதுவுக்கெனப் பிறந்த கணக்கு இவ்வாறு நம் மலைநாட்டுத் தேயிலைக்கும் வந்து சேர்ந்தது.

இனி, வாய்பாடு காவாத இடங்கள் சில உள. ஒன்பதின்மரைக் கங்காணி தெரிந்து நிறுத்துவாராயின் அது மாதிரியன்று. சீட்டுக் குலுக்கி எடுத்தல் வேண்டும். ஒரு நாள் நிறுவை ஒரு நாளைக்கே சான்று. ஆடி ஆவணியிற் கச்சான் காற்று வீசுங்கால் ஊவாத் தேயிலையின் மணம் உயரும், கொழுந்தோ குறையும். மார்கழி மழைக்குப்பின் கண்ட சராசரியை ஆவணிக்கு ஏற்றுதல் தகாது.

இவற்றினும் பெரியது ஒன்றுண்டு. சராசரி 18 என்பது மெய்யேயாயினும், அதன் இருமருங்கும் எண்கள் ஒத்துப் பரந்திருப்பின், ஏறக்குறையப் பாதிப்பேர் அதற்குக் கீழேயே நிற்பர். சராசரியையே ஒவ்வொருவருக்கும் விதியாக வைப்பின், நாடோறும் பாதிப்பேருக்கு அரைப்பேர் விழுதல் அவ்விதியிலேயே அடங்கியுள்ளது. அது சோம்பலால் வருவதன்று.

மற்றொன்று: கூடைக்கும் ஈரத்திற்குமெனக் கூடையொன்றுக்கு 2 கிலோ கழித்தே மேற்கண்ட ஒன்பது எண்களும் எழுதப்பட்டன எனக் கொள்வோம். கழியாது கூட்டின் சராசரி 18! நியம விலகல் சிறிதும் மாறாது, 'ரி'யோ பூச்சியமாகும். எல்லா எண்ணிலும் ஒருங்கே புகுந்த குறையை இச்சோதனை காட்டித் தராது. அதற்கு மடுவத்துத் தராசில் நனைந்த வெறுங்கூடையொன்றை ஏற்றி நிறுத்துப் பார்த்தலே வழி.