இருசக்கரம் பழகிய கைக்கு மூன்று சக்கரம்

மளிகை, எண்ணெய், பெயிண்ட், பிளாஸ்டிக் என்று எந்த வியாபாரமானாலும் நமது உறுப்பினர்களில் பலர் வாசலில் இன்று ஒரு லோடு ஆட்டோ நிற்கிறது. ரங்கை கவுடர் வீதியில் எடுத்த சரக்கைச் சத்தி ரோடு வழியாகக் கொண்டுவந்து கணபதி, மணியகாரம்பாளையம், சரவணம்பட்டி என்று சில்லரைக் கடைகளுக்குப் போடுவதற்கு அதைவிடத் தோதான வண்டி கிடையாது. ஆனால் டிரைவர் வராத நாளில், "நீதான் பைக் ஓட்டறியே கண்ணு, இதை எடுத்துட்டுப் போ" என்று கடைப் பையன் கையில் சாவியைக் கொடுத்துவிடும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. காரில் இருப்பது போல வட்ட ஸ்டியரிங் இல்லை, பைக்கில் இருக்கிற மாதிரியே ஹேண்டில்தானே என்ற எண்ணம். ஆபத்து அந்த ஹேண்டிலில்தான் ஆரம்பமாகிறது. ஒன்றும் தெரியாதவன் பயந்து மெதுவாகப் போவான். பைக் நன்றாக ஓட்டத் தெரிந்தவனோ தெரிந்த தைரியத்தில் போவான், அவன் கை பழகியிருப்பது வேறு வித்தை.

அது என்ன வித்தை என்று பார்ப்போம். பைக் ஓரளவு வேகமாகப் போகும்போது இடதுபுறம் திரும்ப வேண்டுமானால், ஓட்டுபவர் தமக்கே தெரியாமல் இடது கைப்பிடியை லேசாக முன்னால் தள்ளுகிறார். சக்கரம் ஒரு நொடி வலப்பக்கம் திரும்புகிறது. உடனே வண்டி இடப்பக்கம் சாய்கிறது, சாய்ந்து கொண்டே திரும்புகிறது. சந்தேகம் இருந்தால் காலியான ரோட்டில் நிதானமாகச் செய்து பார்க்கலாம். இதே கை லோடு ஆட்டோவில் இதே வேலையைச் செய்தால் வண்டி சாயாது. தள்ளிய தள்ளுக்கு வலப்பக்கமே போகும், அதாவது எதிரே வரும் பஸ்ஸுக்கு நேராக. சிலர் ஹேண்டிலைத் திருப்பாமல் உடம்பை மட்டும் சாய்த்துவிட்டு வண்டி திரும்பும் என்று காத்திருப்பார்கள். அது நேராகத்தான் போகும். முதல்நாள் ஓட்டிய பையன்கள், "வண்டி சொன்ன பேச்சே கேக்க மாட்டீங்குதுங்க" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். மூன்று சக்கரத்தில் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். வண்டி வளைவுக்கு வெளிப்பக்கம் சாயப் பார்க்கும், நம் உடம்பு உள்பக்கம் சாய வேண்டும்.

அடுத்தது கவிழ்வது. கடை வாசலில் வண்டியை நிறுத்தி, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் இரண்டுக்கும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுப் பாருங்கள். ஒரு முக்கோணம் கிடைக்கும். வண்டி, சரக்கு, ஆள் எல்லாம் சேர்ந்த பாரத்தின் மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். முன்னால் போகப்போக முக்கோணம் குறுகிக்கொண்டே போவதைக் கவனிக்கவும். வளைவில் பிரேக் போட்டால் பாரம் முன்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே சமயத்தில் தள்ளும். குறுகலான இடத்தில் கோட்டைத் தாண்டிவிடும். அதனால் வேகத்தை வளைவுக்கு முன்பே நேர்ரோட்டில் குறைத்துவிட வேண்டும். ஒரே வளைவை 20 கிலோமீட்டர் வேகத்தில் எடுப்பதற்கும் 40இல் எடுப்பதற்கும் வெளியே தள்ளும் விசை இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு.

மூன்று சக்கரத்தின் இந்தக் குணம் உலகம் பார்த்ததுதான். ஹோண்டா கம்பெனி 1970இல் அமெரிக்காவில் காட்டிலும் மணலிலும் ஓட்டும் மூன்று சக்கர மோட்டார் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. கவிழ்ந்து அடிபட்டவர்களும் இறந்தவர்களும் அதிகமாகவே, 1988இல் அரசாங்கத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி அங்கே அவ்வகை வண்டிகளின் விற்பனையே நின்றுபோனது. நம் லோடு ஆட்டோவில் டிஃபரன்ஷியல் உண்டு, அந்த வண்டிகளில் அது கிடையாது, ஆகவே நம்முடையது அத்தனை மோசமில்லை. முக்கோணம் மட்டும் அதேதான்.

சரக்கு ஏற்றுவது நம் கையில் இருக்கிற விஷயம். சர்க்கரை, அரிசி மூட்டைகள் அடியில், பின் அச்சுக்குச் சற்று முன்னால் வர வேண்டும். அச்சுக்குப் பின்னால் பாரம் ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும். வேகத்தடையில் ஏறும்போது ஹேண்டில் சும்மா சுற்றும். பொரி மூட்டை எடையில்லாதது என்று ஆள் உயரத்துக்கு அடுக்குகிறார்கள். எடை இல்லாவிட்டாலும் பக்கக்காற்று பிடிக்கும். பாதி காலியான எண்ணெய் பீப்பாய் இன்னும் மோசம். வளைவில் எண்ணெய் முழுவதும் ஒரு பக்கம் வந்து மோதும். இறக்கும் வரிசையையும் பார்க்க வேண்டும். கடைகள் ரோட்டின் இடப்பக்கம் வருவதால் பையன் இடப்பக்கத்து டின்களையே முதலில் இறக்குவான். நான்கு கடை முடிந்தபின் பாரமெல்லாம் வலப்பக்கம் நிற்கும். அப்போது ஒரு இடது திருப்பம் வந்தால் போதும்.

சென்ற வருடம் அத்திப்பாளையம் பிரிவுக்குப் பக்கத்தில் அப்படித்தான் நடந்தது. ஒரு எண்ணெய்க் கடைப் பையன், இருபது வயது, வேகமும் அதிகமில்லை. "சாயுதுன்னு தெரிஞ்சதும் காலை ஊனிட்டனுங்க" என்று நாம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது சொன்னான். பைக்கில் ஊன்றலாம். இங்கே ஊன்றிய காலின் மேல் வண்டியும் டின்களும் விழும், அல்லது பின்சக்கரம் ஏறும். ஆறு மாதம் படுக்கை. அவன் சம்பளத்தில்தான் அந்தக் குடும்பத்தில் அடுப்பு எரிந்தது. கால் எந்த நிலையிலும் வெளியே வரக்கூடாது என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சில்லரை விஷயங்களும் உண்டு. அவசரத்தில் வலது கை விரல்கள் முன்பிரேக்கைத் தேடும், வழக்கமான லோடு ஆட்டோவில் அங்கே லீவரே இருக்காது, பிரேக் வலது காலில். பள்ளத்தை முன்சக்கரம் தப்பினால் பின்சக்கரம் விழும், மூன்றும் மூன்று தடத்தில் ஓடுகின்றன. ரோடு ஓரத்துக்குச் சரிந்திருந்தால் வண்டியும் ஓரத்துக்கு இழுக்கும். பேட்டரி வண்டியில் சத்தமும் இல்லை, கியரும் இல்லை, திருகியவுடன் முழுப் பலத்தோடு கிளம்பும்.

அந்தக் காலத்தில் ஸ்கூட்டருக்கும் புல்லட்டுக்கும் இடப்பக்கம் சைடுகார் மாட்டிக் குடும்பத்தோடு போனவர்களுக்கு வேறு தொல்லை. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இடப்பக்கம் இழுக்கும், பிரேக் போட்டால் வலப்பக்கம் இழுக்கும். சைடுகார் காலியாக இருந்தால் இடது திருப்பத்தில் எழும்பும், மணல் மூட்டை போட்டு ஓட்டுவார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் சைடுகார் வைத்த வண்டியும் மோட்டார் சைக்கிளே. லோடு ஆட்டோ அப்படியல்ல. இருசக்கர லைசென்ஸ் அதற்குச் செல்லாது. கார் ஓட்டும் லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2017இல் சொன்னதை அதன் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. லைசென்ஸ் இல்லாதவர் கையில் வண்டியைக் கொடுத்தால் 180ஆவது பிரிவின்படி உரிமையாளருக்கே 5,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம்வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இன்சூரன்ஸ் கம்பெனியை முதலில் நஷ்டஈடு கட்டச் சொல்லி, பிறகு அதை வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவான வழக்குகளும் இருக்கின்றன.

லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கும் பையனுக்கும் பழக்கம் தனியாகத்தான் வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது காலி மைதானத்தில், பழகிய டிரைவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நான்கு செங்கல்லை நட்டு எட்டுப் போடச் சொல்லலாம். முதல் வாரம் காலி வண்டி. அடுத்த வாரம் ஐந்து மூட்டை. மூன்றாவது வாரம் மூட்டைகளை வேண்டுமென்றே ஒரு பக்கமாக வைத்து, நடக்கிற வேகத்தில் மட்டும் திரும்பிப் பார்க்கட்டும். எந்தப் பக்கம் பாரம் கூடினால் எந்தத் திருப்பம் பயம் என்பது அப்போது அவன் இடுப்புக்கே தெரிந்துவிடும். பிறகு சத்தி ரோட்டில் விடலாம், அதுவும் காலை ஏழு மணிக்குள், முதல் பத்து நடை அரை லோடுதான்.