முதலில் ஈயைப் பார்

அன்புள்ள தங்கைக்கு,

பழ ஈயின் மோப்ப நரம்புகளில் ஆய்வைத் தொடங்கப்போவதாக எழுதியிருந்தாய். நல்ல காலத்தில் வந்திருக்கிறாய். பெண் ஈ ஒன்றின் மூளையிலுள்ள 1,39,000-க்கும் மேற்பட்ட நியூரான்களின் இணைப்பு வரைபடம் 2024-லேயே வெளியாகிவிட்டது. அதையே திரையில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதே என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

மணம் மூளைக்குப் போகும் பாதை நீ படித்ததுதான். உணர்கொம்பில் ஒரே வகை ஏற்பியுள்ள நியூரான்களெல்லாம் மூளையில் ஒரே முடிச்சுக்கு வந்து சேரும். அப்படி ஐம்பது சொச்சம் முடிச்சுகள். அங்கிருந்து கிளம்பும் இழைகளில் பல இரண்டாகக் கிளைத்து, ஒன்று பிறவி விருப்பு வெறுப்பு அதிகம் தீர்மானமாகும் பக்கக் கொம்புக்கும், மற்றது பழகிக் கற்கும் காளான் உடலுக்கும் போகும். காளான் உடலில் பக்கத்துக்குச் சுமார் 2,000 கென்யான் செல்கள். ஒரு மணத்துக்கு அவற்றில் மிகச் சிலவே விழிக்கும். அந்த நேரம் பார்த்துச் சர்க்கரை கிடைத்தாலோ மின்னதிர்ச்சி விழுந்தாலோ, டோபமைன் வந்து அந்தச் சில செல்களின் இணைப்பு வலுவை மாற்றிவிடும். ஈ கற்றுக்கொண்டுவிட்டது!

இவ்வளவு தெரிந்தும் ஈ அடுத்து என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. பட்டினி கிடந்த ஈயில் உணவு மணத்துக்கான சில முடிச்சுகளில், முதல் இணைப்பிலேயே சைகை வலுத்துவிடுகிறது. கரியமில வாயுவோ இன்னும் வேடிக்கை: மந்தமாக இருக்கும் ஈ அதைக் கண்டு விலகும், சுறுசுறுப்பாகத் திரியும் ஈ அதைத் தேடிப் போகும். ஆகவே ‘இந்த மணம் ஈக்குப் பிடிக்குமா’ என்ற கேள்வியே அரைகுறை.

காற்றையும் மறக்காதே. பெண் விட்டிலின் மணம் பட்டதும் ஆண் விட்டில் காற்றை எதிர்த்துப் பாயும். மணம் அறுந்தால் குறுக்கே இடமும் வலமுமாக அலையும். மணத்தை இடைவெளியின்றிச் சீராகப் பரப்பினால் சில விட்டில்கள் முன்னேறவே திணறும். துண்டு துண்டாக வருவதுதான் அவற்றுக்குச் செய்தி. குப்பியிலிருந்து ஒரே சீராக மணத்தை ஊதிவிட்டு அளக்கும் நம் வழக்கத்தில் இது கண்ணில் படாது.

1970களில் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் வெரோனிகா ரோட்ரிக்ஸும் மணம் பிடிபடாத ஈ வகைகளைத் தேடிப் பிரித்தார்கள். மணத்துக்கு ஈ எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் தொடங்கினார்கள். இன்றும் அதுவே சரியான வரிசை என்பேன்.

மின்முனையைக் கையில் எடுக்குமுன் ஈயின் வயது, பாலினம், நாளின் நேரம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் குறித்துவை. முதல் அளவீட்டை எனக்கு அனுப்பும்போது, அந்த ஈ கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதையும் எழுது.