மணல்வாரியா, வேறு வியாதியா? இரத்தப் பரிசோதனையின் அவசியம்



ரையி நகரில் பிறந்த அபூபக்கர் முஹம்மது இப்னு ஸக்கரிய்யா அர்ராஸீ என்ற ஹக்கீமின் பெயரை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன் வாழ்ந்த அவர், பெரியம்மையையும் மணல்வாரியையும் பிரித்தறிவதற்கென்றே ஒரு கிதாபு எழுதினார். அரபியில் முன்னது ஜுதரீ, பின்னது ஹஸ்பா. முதுகுவலி பெரியம்மையில் அதிகம் என்றும், குமட்டலும் மனக்கலக்கமும் மணல்வாரியில் அதிகம் என்றும் அவர் எழுதி வைத்தார். அந்தக் கிதாபு லத்தீன் பாஷையில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய வைத்தியர்களும் நெடுங்காலம் படித்துப் பயனடைந்தார்கள்.

அந்தப் பெரியவரிடம் இருந்த கருவிகள் கண்ணும், கையும், நோயாளி சொல்லும் வார்த்தையும்தான். அவற்றைக் கொண்டு அவர் செய்தது அரிய காரியம். ஆனால் கண் எவ்வளவு பழகியதானாலும் ஏமாறக்கூடியது. 1977ல் சோமாலியா நாட்டு மெர்க்கா ஊரில் ஆஸ்பத்திரிச் சமையற்காரரான அலி மாவ் மாலின் என்பவருக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் மலேரியா என்றார்கள். மேனியில் கொப்புளம் வந்தபின் சின்னம்மை என்றார்கள். உண்மையில் அது பெரியம்மை. உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் அவர்தான். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துக் கொண்டார். 1980ல் அந்த வியாதி உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆஸ்பத்திரிக்குள் இருந்தவருக்கே இப்படியானால், கல்லாப்பெட்டியருகே அமர்ந்து நாம் சொல்லும் தீர்ப்பு எப்படியிருக்கும்?

இதை நாம் பிறரைக் குறை சொல்ல எழுதவில்லை. சில வருஷங்களுக்கு முன் நம் கடை மாடியில் தங்கி வேலை செய்த ஊர்ப் பையனுக்குக் காய்ச்சலடித்து, மூன்றாம் நாள் மார்பிலும் கையிலும் சிவப்பாய்த் தடித்தது. "மணல்வாரிதான், தானே இறங்கிவிடும்" என்று நாமே முடிவு கட்டினோம். வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தோம். உடம்புவலிக்குக் கடையிலிருந்த ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்தோம். மறுநாள் அவன் ஈறில் இரத்தம் கசிந்த பிறகுதான் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கி என்றார்கள். டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பிரின் இரத்தப்போக்கை அதிகமாக்கும் என்பதும் அன்றுதான் நமக்குத் தெரிந்தது. பையன் சுகமானான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவனுடைய தாயாருக்கு நாம் என்ன பதில் சொல்லியிருப்போம் என்ற நினைப்பு இன்றும் நம்மை விடவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். காய்ச்சலும் செந்தடிப்பும் சேர்ந்து வரும் வியாதிகள் பல. மலாய்க்காரர்கள் சம்பாக் என்று சொல்லும் மணல்வாரி ஒன்று. அதைவிட லேசாகத் தோன்றும் ரூபெல்லா என்ற ஜெர்மன் அம்மை ஒன்று. கொசுவினால் பரவும் டெங்கி, சிக்குன்குனியா, சீக்கா ஆகியவை வேறு. இவை நம் ஜொகூருக்குப் புதியவையல்ல. 2008ல் சிக்குன்குனியா நம் ஜொகூரில் பரவிப் பிற மாநிலங்களையும் தொட்டது. 2016 ஆகஸ்டில் சிங்கப்பூரில் சீக்கா பரவுவது தெரிய வந்தது. அடுத்த மாதமே ஜொகூர் பாருவில் ஒரு கர்ப்பிணிக்கு அது இருப்பது பரிசோதனையில் உறுதியாயிற்று. தினமும் பாலம் கடந்து தொழிலுக்குப் போய் வருகிறவர்கள் நிறைந்த ஊர் நம்முடையது. கொசுவுக்கோ கிருமிக்கோ பாஸ்போர்ட் கிடையாது.

சோதனைச்சாலையில் இவற்றை எப்படிப் பிரிக்கிறார்கள்? வழிகள் முக்கியமாக இரண்டு.

முதல் வழி, கிருமியையே தேடுவது. தொண்டையிலோ மூக்கிலோ பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்ததையும், இரத்தத்தையும், சில சமயம் சிறுநீரையும் சோதிப்பார்கள். கிருமிக்கென்று உள்ள மரபு எழுத்தின் ஒரு சிறு துண்டைக் கோடிக்கணக்காகப் பெருக்கிக் கண்டுபிடிப்பார்கள். கோவிட் காலத்தில் நாம் யாவரும் கேட்டுப் பழகிய பி.சி.ஆர். என்பது இதுதான். டெங்கிக்கு, கிருமி வெளியிடும் என்.எஸ்.1 என்ற புரதத்தைத் தேடும் விரைவுச் சோதனையும் உண்டு.

இரண்டாவது வழி, கிருமியை எதிர்க்க நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. புதிதாகத் தொற்றியவுடன் முதலில் எழுவது ஐ.ஜி.எம். என்ற வகை. சிறு குழிகள் கொண்ட தட்டில் நோயாளியின் இரத்த நீரைச் சேர்த்து, அந்த எதிர்ப்பொருள் ஒட்டியிருந்தால் நிறம் மாறும்படி செய்வார்கள். 1971ல் வெளியான முறை இது.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டியது நாள் கணக்கு. மணல்வாரியில் தடிப்புத் தோன்றிய முதல் மூன்று நாட்களுக்குள் இரத்தம் எடுத்தால், சுமார் நான்கில் ஒருவருக்கு ஐ.ஜி.எம். இன்னும் தென்படாது. ரூபெல்லாவிலும் தடிப்பு வந்த அன்றே எடுத்தால் தவறக்கூடும். ஆரம்ப நாட்களில் தொண்டைத் தடவலே அதிகம் உதவும். டெங்கியில் முதல் ஐந்து நாட்கள் என்.எஸ்.1, அதன்பின் ஐ.ஜி.எம். ஆகவே "ஒரு தடவை பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை என்றார்கள்" என்று சொல்லி இருந்துவிடக் கூடாது. டாக்டர் மறுபடி வரச் சொன்னால் போகத்தான் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. டெங்கியும் சீக்காவும் ஒரே குடும்பத்துக் கிருமிகள். ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பொருள் மற்றதன் சோதனையிலும் ஒட்டிக்கொண்டு ஆளை மாற்றிக் காட்டிவிடும். அதனால்தான் கிருமியையே தேடும் முதல் வழியை விரைவில் செய்வது நல்லது. காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது, தடிப்பு என்றைக்கு வந்தது, சமீபத்தில் எங்கே பிரயாணம் போனோம், எந்தத் தடுப்பூசி எப்போது போட்டோம் என்பதைக் கணக்குப் புஸ்தகத்தில் வரவு எழுதுவதுபோல் எழுதிக் கொண்டு போய்ச் சொன்னால் டாக்டருக்குப் பெரிய உதவி.

எந்த வைரஸ் ஆனாலும் தானாகத் தீரவேண்டியதுதானே, பெயர் தெரிந்து என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பயன் பெரிது. டெங்கியென்றால் நீர்ச்சத்தையும் இரத்தத்தையும் அன்றாடம் கவனிக்க வேண்டும். மணல்வாரியென்றால் தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து, வந்தபின் நான்கு நாள்வரை அது பிறருக்குத் தொற்றும். நோயாளி இருந்த அறையின் காற்றில் இரண்டு மணிநேரம்வரை கிருமி நிற்கும். ரூபெல்லாவோ, பெரியவர்களுக்கு இரண்டு மூன்று நாள் தொந்தரவுதான். ஆனால் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது வரை பிள்ளையைப் பாதிக்கலாம். கண்ணில் புரை, காது கேளாமை, இருதயக் கோளாறு ஆகியவை அதனால் வரும். சீக்காவும் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கடைப்பையனுடைய லேசான தடிப்பு, அதே வீட்டிலுள்ள நம் மருமகளின் வயிற்றுப் பிள்ளைக்கு முஸீபத்தாக முடியலாம்.

அம்மை கண்டால் டாக்டரிடம் போகக்கூடாது, ஊசி ஆகாது என்பது ஊரிலிருந்து நம்மோடு கப்பலேறி வந்த பழக்கம். அதை இனி விட்டுவிடுவோம். நோயுள்ள ஒட்டகங்களை நோயற்றவற்றோடு சேர்க்கலாகாதென்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை மதரஸாவில் படித்திருக்கிறோம். எது நோய் என்று தெரிந்தால்தானே பிரித்து வைக்க முடியும்?

ஆகவே சகோதரர்களே, காய்ச்சலோடு தடிப்புக் கண்டால் நாமே பெயர் வைக்காமல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வோம். உள்ளே நுழையுமுன்பே தடிப்பு இருப்பதைச் சொல்லிவிட்டால் மற்ற நோயாளிகளோடு உட்கார வைக்க மாட்டார்கள். டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவரையும் விலக்கி வைத்து, டாக்டரிடம் அதைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடும் எம்.எம்.ஆர். ஊசியைத் தவற விடலாகாது. அது மணல்வாரியையும் ரூபெல்லாவையும் தடுக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து நம்மிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் தடுப்பூசி ஆகியிருக்கிறதா என்று விசாரிப்பது நம் கடமை. அவர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத்.

தங்கத்தை உரைத்துப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. நம் பிள்ளைகளின் உயிர் அதைவிட மலிந்ததல்ல. எல்லா நோயாளிகளுக்கும் அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.