பூனையில் பாதி, பாயில் பாதி அல்ல

பூனைக்குத் தெள்ளுப்பூச்சி வந்தால் நாம் பூனையை மட்டுமே பார்க்கிறோம். எங்கள் பூனை மீனாவை வளர்த்ததில் எனக்குப் பிடிபட்டது வேறு. உடம்பில் ஓடும் தெள்ளு கொஞ்சம்தான். முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாக மிச்சமெல்லாம் வீட்டில்தான் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு ஒரே நாளில் 40 முட்டைகூட இடும். அவை ரோமத்தில் ஒட்டி நிற்காமல், பூனை படுக்கிற இடத்திலெல்லாம் உதிர்ந்துவிடும்.

முதலில் தெள்ளுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நெருக்கமான பல்லுள்ள சீப்பால் மீனாவின் கழுத்தையும் வாலடியையும் வாரினேன். கருப்புப் பொடி வந்தது. ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தியதும் அது செம்பழுப்பாகக் கசிந்தது. தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம், என் மீனாவின் ரத்தம். சீப்பில் சிக்கிய பூச்சிகளை உடனே சோப்புத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் துள்ளி ஓடிவிடும்.

மருந்து விஷயத்தில் மிகக் கவனம் தேவை. நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தைப் பூனைக்குப் போடவே போடாதீர்கள். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். தெள்ளை விரட்டவென்று கற்பூரம் தடவுவதும் அப்படித்தான் ஆபத்து. உடம்பில் எதைத் தடவினாலும் பூனை நக்கி விழுங்கிவிடும். கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தரும் பூனைக்கான மருந்தை, பிடரியில் ரோமத்தை விலக்கி, தோலில் படும்படி விடுங்கள். வீட்டிலுள்ள மற்ற பூனை, நாய்களுக்கும் அவற்றுக்குரிய மருந்து போட வேண்டும். குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கலாம், தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

பிறகு வீடு. மீனா படுக்கும் துணிகளை வெந்நீரில் துவைத்தேன், சோபா இடுக்கையும் கட்டிலடியையும் வேக்குவம் கிளீனரால் இழுத்தேன், குப்பையை அன்றன்றே வெளியே கொட்டினேன். புழுக்கள் வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டு மூலைகளில்தான் பதுங்கும். கூட்டுப்புழுவோ எந்த மருந்துக்கும் எளிதில் மசியாது. மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடமாட்டமும் உடல்சூடும் தெரிந்ததும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் தெள்ளு ஏறுவது இதனால்தான். ஆகவே பூச்சி கண்ணில் படவில்லை என்று முதல் மாதத்தோடு மருந்தை நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்லும் மாதங்கள் முழுக்கப் போடுங்கள்.

தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழுவும் வரலாம். ஆசனவாயருகே அரிசிமணிபோல ஏதாவது ஒட்டியிருந்தால், அதே மருத்துவரிடம் குடற்புழு மருந்தும் கேட்டு வாங்குங்கள்.